எட்டு மேஜைக்குப் பதினாறு பேர்

அன்பு மகள் வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருக்கிறாய் என்று உன் அக்கா சொல்கிறாள், உன் தம்பியும் சொல்கிறான், ஆனால் உன் வாயால் கேட்டு நான்கு மாதம் ஆகிவிட்டது, அடுத்தவர் சொல்லிக் கேட்கிற சுகம் எனக்குப் போதவில்லை, அதனால் எழுதிக் கேட்கிறேன். இருமல் விட்டதா? அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதாமே. காதை மூடிக்கொண்டு வெளியே போ. காலுறை நனைந்தால் உடனே மாற்று, ஈரக் காலுறையோடு நாள் முழுக்க ஆபீசில் உட்கார்ந்திருக்கிற ஆள் நீ என்று எனக்குத் தெரியும். மதியம் காப்பியைக் குடித்தே ஓட்டாதே. இதையெல்லாம் போனில் கேட்டிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்ல நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், அந்தச் சரிம்மாவில் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் கூடவே அழுகையும் வரும், பிறகு இரண்டு பேரும் வைத்துவிடுவோம். கடிதத்தில் நான் அழுதாலும் உனக்குக் கேட்காது, நீ முகத்தைச் சுளித்தாலும் எனக்குத் தெரியாது. உன் அப்பா நன்றாக இருக்கிறார். முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்று விசில் ஊதியே போன காதுக்குப் புதிதாகக் கருவி வாங்கியிருக்கிறோம், அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சத்தமாகப் பேசுங்கள் என்று எங்களை அதட்டுகிறார். உன் அக்காவின் வீட்டுக்காரர் மாடி அறைக்கு வெள்ளை அடிக்கிறேன் என்று ஆரம்பித்து, மிச்சம் கிடந்த டப்பாக்களையெல்லாம் ஒன்றாகக் கலந்து அடித்துவிட்டார். ஊர் வீட்டுக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிற மனிதருக்குச் சொந்தச் சுவர் என்ன நிறம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. உன் தம்பியின் இரட்டைப் பயல்களுக்கு மூன்று வயது முடிந்தது. அவனும் மருமகளும் வேலைக்குப் போவதால் பகல் முழுக்க இரண்டு வால்களும் நம் வீட்டில்தான். நேற்று அப்பாவின் செருப்பில் ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டார்கள், இன்னொன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

சரி, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை நீ வந்திருந்தபோது நடந்ததை நான் மறக்கவில்லை, நீயும் மறந்திருக்கமாட்டாய். எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். அப்படி என்னதான் வேலை பார்க்கிறாய் என்று அப்பா கேட்டதும் நீ கம்ப்யூட்டரைத் திறந்து அந்தக் கோட்டுப் படத்தைக் காட்டினாய். ஒரு வீட்டில் பிள்ளைகள் கூடக்கூட ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைக்கிற படிப்பு குறைகிறது, படிப்பு குறைந்தால் வளர்ந்தபிறகு அந்தப் பிள்ளையின் உழைப்பால் வருகிற பலனும் குறைகிறது, நாட்டுக்கும் இதே கதைதான் என்று விளக்கினாய். அதுவரை எனக்குப் பெருமை தாங்கவில்லை, நான் பெற்றது எவ்வளவு பேசுகிறது பார் என்று மனசுக்குள் திருஷ்டி கழித்துக்கொண்டிருந்தேன். பிறகு நீ, நம் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்களேன் என்று ஆரம்பித்தாய். ஆறு பேருக்குப் பதில் இரண்டு பேர் பிறந்திருந்தால் அக்கா ஆறாம் வகுப்போடு நின்றிருக்கமாட்டாள் என்றாய். அப்படியென்றால் எந்த நான்கு பேரைத் திருப்பிக் கொடுக்கட்டும், யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்கட்டும், நீயே ஐந்தாவதுதானடி என்று நான் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்காமல், "நான் பொறக்காம இருந்திருந்தா அக்கா படிச்சிருப்பா இல்ல, அது நல்லதுதானே" என்றாய். அந்த வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெற்றவளுக்கு எதிரே உட்கார்ந்து அவள் பரிமாறியதைச் சாப்பிட்டுக்கொண்டே சொல்கிற வார்த்தையா அது? தட்டை வைத்துவிட்டு உள்ளே போனேன், மறுநாள் உனக்குக் கார் வந்து நின்றபோதும் வெளியே வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீ இரண்டு தடவை வாசலைத் திரும்பிப் பார்த்தாய். நான் வந்திருக்க வேண்டும். வெறும் வறட்டுப் பிடிவாதம்.

நீ போனபிறகு தொழிற்சாலையில் நடந்த ஒரு கூத்தைச் சொல்கிறேன். இதை உன் அக்கா உனக்குச் சொல்லியிருக்கமாட்டாள், தன்னைப் பற்றி நல்லதாக ஒன்று நடந்தால் அவள் யாரிடமும் வாய் திறக்கமாட்டாள். எங்கள் மின்விசிறித் தொழிற்சாலையில் காயில் சுற்றுகிற பிரிவு என் பொறுப்பு என்பது உனக்குத் தெரியும். எட்டு மேஜை, எட்டுப் பெண்கள், ஒவ்வொரு மேஜையிலும் கைப்பிடி வைத்த ஒரு சுற்றுப்பொறி, ஒரு காயிலுக்கு இருநூற்று எண்பது சுற்று செம்புக் கம்பி. சுற்றுகளை எண்ணிக் காட்டுகிற முள் எல்லாப் பொறியிலும் பழுதாகிப் பல வருஷம் ஆகிவிட்டது, வாயால் எண்ணியே சுற்றிப் பழகிவிட்டோம். உன் அக்கா நான்காவது மேஜை. நீ போன அடுத்த வாரமே பெரிய ஆர்டர் வந்தது, எப்போதும் செய்வதைப்போல ஒன்றரை மடங்கு வேண்டும் என்றார்கள். ஆள் எடுக்கிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதும் ஒருத்தி தன் தங்கைக்குக் கேட்டாள், ஒருத்தி மருமகளுக்குக் கேட்டாள், பக்கத்துத் தெருவிலிருந்து எனக்கே நான்கு சிபாரிசு வந்தது. இப்போதெல்லாம் எந்தத் தெருவில் திரும்பினாலும் வேலை கேட்டு நிற்கிற பிள்ளைகள்தானே. எனக்கு யாரையும் இல்லை என்று அனுப்ப மனசு வரவில்லை. மேனேஜரிடம் போய், மேஜைக்கு இரண்டு பேர் போடுங்கள், ஒருத்தி கம்பியை இழுத்துப் பிடிக்கட்டும், ஒருத்தி சுற்றட்டும், வேலை இரண்டு மடங்காகும் என்று அடித்துச் சொன்னேன். அவர் சின்ன வயசுக்காரர், என் அனுபவத்துக்கு மரியாதை கொடுத்து ஒத்துக்கொண்டார். எட்டு மேஜைக்குப் பதினாறு பேர். வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் அப்பாவுக்கும் ஒரே சந்தோஷம். நாற்பது பேர் போகிற பஸ்ஸில் தொண்ணூறு பேரை ஏற்றிய ஆள் அவர், உள்ளே போ உள்ளே போ என்று சொல்லிக்கொண்டே இருந்தால் இடம் தானாக வரும் என்பது அவருடைய சித்தாந்தம்.

முன்பு எட்டுப் பேர் சேர்ந்து ஒரு நாளைக்கு முந்நூற்று இருபது காயில் கொடுப்போம். பதினாறு பேர் வந்தபிறகு முந்நூற்று எழுபது. அதிலும் நூற்றுப் பத்து சோதனை மேஜையிலிருந்து திரும்பி வந்தது. சுற்று குறைகிறது, மோட்டார் சூடாகிறது என்று சீட்டு எழுதி ஒட்டி அனுப்பினார்கள். என் இருபத்தேழு வருஷத்தில் அப்படி ஒரு அவமானம் பட்டதில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா, எல்லோரையும் நிற்கவைத்துக் கத்தினேன், பேச்சைக் குறையுங்கள், சத்தமாக எண்ணுங்கள் என்று உத்தரவு போட்டேன். மறுநாள் இன்னும் முப்பது அதிகமாகத் திரும்பி வந்தது. கண்டுபிடித்தது உன் அக்காதான். குப்பையில் போட வைத்திருந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து, ஒன்பது நாள் எந்த மேஜையிலிருந்து எத்தனை திரும்பியது என்று கட்டம் போட்டுக் குறித்திருக்கிறாள். இரண்டு ஓரத்து மேஜைகளில் அநேகமாக ஒன்றும் இல்லை, நடுவில் இருக்கிற ஆறு மேஜைகளில்தான் எல்லாம். ஓர மேஜைக்கு ஒரு பக்கம் சுவர். நடு மேஜைக்கு இரண்டு பக்கமும் ஆள். முன்பு ஒவ்வொருத்தியும் வாய்க்குள்ளேயே எண்ணுவாள், இப்போது கம்பி பிடிக்கிறவளுக்கும் கேட்கவேண்டும் என்று வாய்விட்டு எண்ணுகிறார்கள். இவள் நூற்றிருபது என்று போய்க்கொண்டிருக்கும்போது காதில் பக்கத்து மேஜைக்காரியின் நூற்று நாற்பது விழுகிறது, இவள் தன்னையறியாமல் நூற்று நாற்பத்தொன்று என்று தொடர்கிறாள். இருபது சுற்று காற்றோடு போயிற்று. நான் சத்தமாக எண்ணச் சொன்னதும் வியாதி அறை முழுக்கப் பரவிவிட்டது. உன் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கோபப்படாமல் கேள் என்று சொல்லிவிட்டு அந்த அட்டையைக் காட்டினாள். மேஜைக்கு ஒருத்தி போதும், மற்ற எட்டுப் பேரை ஆள் குறைவாக இருக்கிற பொருத்துகிற பிரிவுக்கு அனுப்பலாம், சுற்றுகிறவள் நாற்பது சுற்றுக்கு ஒரு வாஷரை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றட்டும், ஏழு வாஷர் மாறினால் ஒரு காயில், நாற்பதுக்கு மேல் யாரும் எண்ணவே வேண்டாம் என்றாள். அடுத்த வாரம் எட்டுப் பேர் ஒரு நாளைக்குக் கொடுத்தது முந்நூற்று அறுபது, திரும்பியது நான்கு. புதுப் பெண்களில் ஒருத்திக்கும் வேலை போகவில்லை.

மேனேஜர் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இதை யார் போட்டது என்று கேட்டார். என் மூத்த மகள் என்றேன். எதுவரை படித்திருக்கிறாள் என்றார். ஆறாவது என்று சொன்னேன். அவர் அந்த அட்டையை இன்னொரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார். எனக்கு அந்த இடத்தில் நிற்கவே கூசியது. உன் கோட்டுப் படம் அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் எனக்குப் புரியவில்லை, அந்த நிமிஷம் புரிந்தது. ஆறாவது படித்ததே இவ்வளவு கண்டுபிடிக்கிறதென்றால் இன்னும் நான்கு வருஷம் படித்திருந்தால் எங்கே உட்கார்ந்திருக்கும்? இருபது வருஷமாக அந்த மூளையை ஒன்று இரண்டு மூன்று என்று எண்ண வைத்துக்கொண்டிருந்தது யார்?

உனக்கு அப்போது மூன்று வயது, கடைக்குட்டிக்கு ஆறு மாதம். ஒரு ஆள் சம்பளம் எட்டு வாய்க்குப் போதவில்லை, நான் வேலைக்குப் போயே ஆகவேண்டும் என்று ஆனது. உன் அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. ஒரு திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்குத் தலை சீவி நின்றவளின் தோளிலிருந்து புத்தகப் பையை வாங்கிச் சமையலறை ஆணியில் மாட்டினேன். நீ போய்விட்டால் வீடு என்ன ஆகும், தம்பி நடக்க ஆரம்பிக்கிறவரைக்கும்தான் என்று சொன்னேன். அவள் அழவில்லை, தம்பி எப்போது நடப்பான் என்று மட்டும் கேட்டாள். அவன் நடந்தான். பிறகு அவன் பள்ளிக்கூடம் போகிறவரைக்கும் என்றேன். அதற்குள் அவள் வளர்ந்துவிட்டாள், சின்னப் பிள்ளைகளோடு போய் உட்கார வெட்கமாக இருக்கிறது என்றாள், நானும் அப்பாடா என்று விட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்திலாவது யாராவது வந்து கேட்டிருந்தால் நான் யோசித்திருப்பேனோ என்னவோ. அந்த வகுப்பில் எண்பத்து நான்கு பிள்ளைகள், ஒரு பெஞ்சில் ஐந்து பேர். அதில் ஒருத்தி வராமல் போனதை யாரும் கவனிக்கவில்லை, மிச்சம் நான்கு பேருக்கு உட்காரக் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கும். இன்னொன்றையும் உன்னிடம் சொல்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. நான் எட்டாவது படித்தவள். எங்கள் அம்மா கைநாட்டு, ஆனாலும் என்னை எட்டாவதுவரை விட்டாள். நான் என் மகளை ஆறில் நிறுத்தினேன்.

இப்போதுதான் முக்கியமான விஷயம். தொழிற்சாலைக்குப் புதிதாகத் திரை வைத்த சுற்றுப்பொறி வருகிறது. எட்டு மேஜை வேலையை அது ஒன்றே செய்யும், இரண்டு பேர் போதும், ஆனால் அந்த இரண்டு பேருக்கும் திரையில் வருவதைப் படிக்கத் தெரியவேண்டும், கம்பியின் தடிமன், சுற்று எண்ணிக்கை எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பதியத் தெரியவேண்டும். தொழிற்பயிற்சிக் கூடத்தில் நான்கு மாதப் படிப்பு, ரயிலில் ஒன்றரை மணி நேரம், காலையில் போனால் திரும்ப இருட்டிவிடும். சோதனைப் பிரிவில் இருக்கிற ஒரு பெண்ணின் பெயரையும் உன் அக்காவின் பெயரையும் மேனேஜர் எழுதியிருக்கிறார். பத்தாவது சான்றிதழ் வேண்டாம், அதற்குப் பதில் ஒரு நுழைவுத் தேர்வு எழுதித் தேறவேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறார், நல்ல மனிதர். சுற்றுகிற மற்றவர்களெல்லாம் பொருத்துவதற்கும் பெட்டி கட்டுவதற்கும் போவார்கள். உன் அக்காவுக்கு வயது முப்பத்தொன்பது, பெட்டி கட்டப் போய்விட்டால் பிறகு ஓய்வு பெறும்வரை பெட்டிதான். இன்னொரு பொறி வரும், இன்னொரு பெயர் எழுதுவார்கள், ஆனால் அப்போது இவள் பெயரை எழுதமாட்டார்கள். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவள் முகம் ஒரு நிமிஷம் எப்படி ஆனது தெரியுமா, முற்றத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள், மடித்த துணியையே திரும்ப மடித்தாள். பிறகு, "வேணாம்மா, மத்தியானத்துல ரெண்டு வாலையும் யார் பார்ப்பா" என்றாள். அவள் காலை ஷிப்டு முடித்து இரண்டு மணிக்கு வந்துதான் பிள்ளைகளைப் பார்க்கிறாள், அதுவரை அப்பா ஏதோ சமாளிக்கிறார், நான் வர ஆறு ஆகிறது. நான் கொஞ்சமும் யோசிக்காமல், ஆமாம், நீ போய்விட்டால் வீடு என்ன ஆகும் என்றேன்.

சொல்லி முடித்தபிறகுதான் என் காதில் விழுந்தது. அதே வாய், அதே வார்த்தை, அதே பிள்ளை. அவளும் அன்றைக்குப்போலவே தலையை ஆட்டிவிட்டு மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்கு ஏன் ஒரே பிள்ளை என்று ஊரில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள், நானே எத்தனை தடவை நச்சரித்திருப்பேன், அப்போதெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே, "நான்தான் ஏற்கெனவே அஞ்சு பிள்ளை வளர்த்தாச்சே" என்பாள். நாங்களும் சேர்ந்து சிரிப்போம். அதில் சிரிக்க என்ன இருந்தது என்று அன்றைக்கு முற்றத்தில் நின்றுகொண்டு யோசித்தேன். மறுநாள் காலையில் மேனேஜரின் அறைக்குப் போய் இந்த மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஓய்வுக்கு இன்னும் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் இருந்தது. மனசு கனக்கத்தான் செய்கிறது, இல்லையென்று பொய் சொல்லமாட்டேன், அந்த அறைக்குள் நான் நுழைந்தால் எட்டு மேஜையும் நிமிர்ந்து உட்காரும், இங்கே இரண்டு வால்கள் என்னைக் கொஞ்சமும் மதிப்பதில்லை. உன் அக்கா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை, உன்னை யார் இப்படிச் செய்யச் சொன்னது என்று பாத்திரத்தை உருட்டினாள். அப்பா மட்டும் காதுக் கருவியை எடுத்து மாட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "ஒருத்தர் எறங்குனாத்தான் இன்னொருத்தர் உட்கார முடியும்" என்றார். முப்பது வருஷமாக உள்ளே போ உள்ளே போ என்ற மனிதர் சொன்னார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பயிற்சிக்கு விண்ணப்பம் நிரப்ப நானும் அவளும் உட்கார்ந்தோம். தன் கையெழுத்து கோணலாக இருக்கும் என்று அவள் என்னையே எழுதச் சொன்னாள். பெயர், வயது, வேலை எல்லாம் எழுதியாயிற்று. படிப்பை நிறுத்தியதற்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. "குடும்ப சூழ்நிலைன்னு போடும்மா, எல்லாரும் அதான் போடுவாங்க" என்றாள். எனக்கு எழுதக் கை வரவில்லை. சூழ்நிலையா வந்து அவள் பையை ஆணியில் மாட்டியது? தம்பி தங்கைகள் ஐந்து பேரைப் பார்த்துக்கொள்வதற்காகத் தாய் நிறுத்திவிட்டாள் என்று எழுதினேன், அந்தச் சின்னக் கட்டத்தில் இடம் போதாமல் கடைசி வார்த்தை கோட்டுக்கு வெளியே போயிற்று. அவள் படித்துப் பார்த்துவிட்டு, ஏனம்மா இப்படி மானத்தை வாங்குகிறாய் என்றாள். பிறகு அந்தக் காகிதத்தை மடிக்காமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். வாய்விட்டுக் கேட்டேன். அவள், சாயங்காலம் ஆகிறது, பசங்களுக்குப் பால் காய்ச்ச வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள், ஆனால் அன்றைக்கு எனக்குத் தேநீர் அவளே கொண்டுவந்து கொடுத்தாள்.

உன்னைப் பற்றியும் அன்றைக்குத்தான் பேசினோம். அவள்மேல் ஏனம்மா அப்படிக் கோபித்துக்கொண்டாய் என்று உன் அக்கா கேட்டாள், இத்தனை பேரில் என்னை அப்படிக் கேட்டது அவள் ஒருத்திதான். கண்ணே, உன் கணக்கு சரிதான். நான் ஒத்துக்கொள்கிறேன், என் எட்டு மேஜையும் ஒத்துக்கொள்கிறது. இடத்தைக் கூட்டாமல் ஆளைக் கூட்டினேன், இருந்த வேலையும் கெட்டது. சொல்லிக்கொடுக்க வழியில்லாமல் பிள்ளைகளைக் கூட்டினேன், ஒருத்தியின் படிப்பை எடுத்து ஐந்து பேருக்குப் பங்கு வைத்தேன். ஒருத்திக்குப் படிப்பு இல்லாமல் போனதில் இந்த வீடு எவ்வளவு இழந்தது என்று உன் படத்தில் ஒரு கோடாக இருக்கும், எனக்கு அது எதிரே உட்கார்ந்து பால் காய்ச்சிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கைச் சரிசெய்ய உன்னைக் கழிக்க எனக்குச் சம்மதமில்லை. நீ பிறந்தது தப்பில்லை. உனக்கும் அவளுக்கும் நடுவில் ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கும்படி வைத்துக்கொண்டது என் தப்பு, அதை நீ உன் தலையில் எடுத்துப் போட்டுக்கொள்ளாதே. உனக்கு அங்கே நல்ல வேலை கிடைத்தபோதெல்லாம், பட்டம் வாங்கியபோதெல்லாம், இது அக்காவுடையது என்று உள்ளுக்குள் குத்தியிருக்கிறது, இல்லையா? எனக்குத் தெரியாமல் போயிற்றே என்றுதான் வருத்தம். இனிமேல் அந்த வார்த்தையைச் சொல்லாதே, விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதே, அம்மாவால் தாங்க முடியாது.

இனி உன்னிடம் ஒரு உதவி. தேர்வுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது. படிக்கத் தடுமாற்றம் இல்லை, அவள் பேப்பர் படித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். இடிப்பது தசமக் கணக்கு. செம்புக் கம்பியை விரலில் உருட்டியே தடிமன் இது இருபத்தேழு, இது முப்பது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிறவள், காகிதத்தில் அதையே மில்லிமீட்டரில் சைபர் புள்ளி மூன்று, சைபர் புள்ளி இரண்டு ஏழு என்று எழுதி எது பெரியது என்று கேட்டால், இருபத்தேழுதானே பெரியது என்கிறாள். அவள் மகள் எட்டாவதில் இருக்கிறாள், சொல்லிக்கொடுக்கத்தான் செய்கிறாள், ஆனால் இதுகூடத் தெரியாதா என்று ஒரு தடவை கேட்டுவிட்டாள், சின்னப் பிள்ளை, தெரியாமல் கேட்டது. இவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள், மூன்று நாளாகத் திறக்கவில்லை. உன் கூடப்பிறந்த மற்ற நான்கு பேரும் ஆளுக்கு ஒரு சாக்குச் சொல்கிறார்கள், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, அவர்களுக்கே மறந்துபோயிருக்கும். உன்னிடம் கேட்கச் சொன்னேன். அவளுக்கு ஆபீசில் எவ்வளவு வேலை இருக்குமோ, அவளைப் போய்த் தொந்தரவு செய்வதா என்கிறாள். அதனால் நான் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் நம் வீட்டில் காலை பத்து மணிக்கு அவளை மாடி அறையில் போனோடு உட்காரவைத்துவிடுகிறேன், அங்கே என்ன மணியோ எனக்குத் தெரியாது, நீ கொஞ்சம் தூக்கத்தை விட்டு எழுந்திரு. பின்னம், தசமம், விகிதம், இந்த மூன்றும் போதுமாம். உன் கோட்டுப் படம் வேண்டாம், அதை அவள் பார்த்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமையும் இங்கேயே வந்துவிடுகிற இரண்டு வால்களையும் நான் கீழே பிடித்துக்கொள்கிறேன், அதற்காகத்தானே வேலையை விட்டேன்.

வேறு என்ன. நீ நன்றாக இருக்க வேண்டும், நூறு வயது இருக்க வேண்டும், உனக்குப் பிள்ளை பிறந்தாலும் பிறக்காவிட்டாலும் ஒன்றோ இரண்டோ உன் இஷ்டம், நான் வாயைத் திறக்கமாட்டேன். திறந்தால் இந்தக் கடிதத்தைக் காட்டு. அப்பா ஆசி சொல்லச் சொன்னார். அடுத்த தடவை உன் கார் வந்து நிற்கிறபோது நான் வீட்டுக்குள் இருக்கமாட்டேன், தெருமுனையில் நிற்பேன், அம்மா சொன்னால் சொன்னதுதான்.

ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே. ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். அவள் மெதுவாகத்தான் பிடித்துக்கொள்வாள், ஒரே கேள்வியை நான்கு தடவை கேட்பாள், நீ அவசரக்காரி. குரலை உயர்த்தாதே. சமையலறைத் தரையில் உட்காரவைத்துத் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு உனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான், அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. நீ ஒரு எழுத்தைக் கற்றுக்கொள்ள முழுசாக ஒரு மாதம் எடுத்தாய், அவள் உன்னை ஒரு தடவைகூட அடிக்கவில்லை. அடித்தது நான்தான்.

என்றும் உன்,
அம்மா